பெரியப்பாவுக்கு ஹெபடைடிஸ் சி: தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டுமா?

வண்டிப்பாதை (நாமக்கல்)

பெரியப்பாவுக்கு 67 வயது. கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் சி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்) ‘ரியாக்டிவ்’ என்று வந்திருக்கிறது. கண் ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டார்கள். ஆளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. இன்னமும் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுத்தான் காபி குடிக்கிறார். மஞ்சள் காமாலை வந்ததாக யாருக்கும் நினைவில்லை. குடியும் கிடையாது.

பெரியம்மா அன்றைக்கே தட்டு, டம்ளர், துண்டு எல்லாவற்றையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார். அண்ணி கைக்குழந்தையை அவர் மடியில் விடுவதில்லை. அவரும் ஒன்றும் சொல்லாமல் திண்ணையிலேயே சாப்பிட்டுக்கொள்கிறார். மருத்துவமனையில் "கல்லீரல் டாக்டரைப் பாருங்க" என்றதோடு சரி. இது எப்படித்தான் பரவும்? வீட்டில் உண்மையாகவே என்ன செய்ய வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்லைடுக்காரன் (மதுரை)

நான் லேப் டெக்னீஷியன். முதலில் அந்த ரிப்போர்ட்டைப் பற்றி. ‘ரியாக்டிவ்’ என்பது ஆன்டிபாடி பரிசோதனை, அதாவது வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய பொருளைத் தேடுவது. இந்த வைரஸ் எப்போதோ ஒருநாள் உடம்புக்குள் வந்திருக்கிறது என்பதை மட்டும்தான் அது காட்டும். இப்போதும் உள்ளே இருக்கிறதா என்று சொல்வது வைரஸையே நேரடியாகத் தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனை. வைரல் லோட் என்று கேட்டாலும் புரியும். தொற்றியவர்களில் 100-க்கு 15 முதல் 45 பேர் வரை முதல் ஆறு மாதத்துக்குள் மருந்தே இல்லாமல் வைரஸை விரட்டிவிடுகிறார்கள். அவர்களுக்கும் ஆன்டிபாடி ஆயுசுக்கும் ரியாக்டிவ் என்றே வரும். எனவே அடுத்த வேலை ஆர்.என்.ஏ.

தட்டு, டம்ளர் விஷயத்துக்கு ஒரே வரி: சாப்பாடு, தண்ணீர், எச்சில், இருமல், கட்டிப்பிடிப்பது, ஒரே கழிப்பறை, கொசு, இதில் எதன் வழியாகவும் ஹெபடைடிஸ் சி பரவாது. ஒருவருடைய இரத்தம் இன்னொருவருடைய இரத்தத்துக்குள் போக வேண்டும். அவரைத் திண்ணையிலிருந்து உள்ளே கூப்பிடுங்கள்.

செம்பருத்தி (விழுப்புரம்)

அண்ணா, சும்மா சொல்லிவிட முடியாது. எங்கள் ஊரில் குடிதண்ணீர்க் குழாயில் சாக்கடை கலந்து தெருவுக்கே காமாலை வந்தது. ஒரு வீட்டில் ஆரம்பித்து வரிசையாக எல்லார் வீட்டிலும். அது தொத்து வியாதி இல்லாமல் என்ன?

ஸ்லைடுக்காரன் (மதுரை)

செம்பருத்தி, நீங்கள் பார்த்தது ஏ அல்லது ஈ வகையாக இருந்திருக்கும். அவை மலம் கலந்த தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வருபவை. வந்தால் தெருவோடு வரும், கண் மஞ்சளாகும், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் ஈ ரொம்ப ஆபத்து. பி, சி இரண்டும் இரத்தத்தோடு சம்பந்தப்பட்டவை. பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது, சி-க்கு இன்றுவரை கிடையாது. சி-யில் பெரும்பாலும் கண் மஞ்சளாவதே இல்லை. 20, 30 வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, கல்லீரல் சுருங்கிய பிறகோ வயிற்றில் நீர் கோத்த பிறகோதான் பலருக்குத் தெரிகிறது. 1989 வரை இந்த வைரஸுக்குப் பெயரே இல்லை, ‘ஏ-யும் இல்லை பி-யும் இல்லை’ என்றுதான் குறித்தார்கள். அதைக் கண்டுபிடித்ததற்கு 2020-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

வெள்ளைச்சேலை (கோவை)

நான் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். எல்லாரும் டம்ளரைப் பற்றியே பேசுகிறீர்கள். பயப்பட வேண்டியது ஊசியைப் பார்த்து. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் கண்ணாடி சிரிஞ்ச் ஞாபகம் இருக்கும். ஸ்டீல் டப்பாவில் தண்ணீர் ஊற்றி, ஸ்டவ்வில் வைத்து, கொதி வந்ததும் இறக்கிவிடுவார்கள். காலையில் ஒருமுறை கொதித்தால் மதியம் வரை அதே ஊசிதான். வந்தவர்களுக்கும் ஊசி போட்டால்தான் திருப்தி, மாத்திரை எழுதினால் "இந்த டாக்டர் சரியில்லை" என்று அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். காய்ச்சலுக்கு ஊசி, அசதிக்கு குளுக்கோஸ், பரீட்சைக்கு முன்னால் சத்து ஊசி. உண்மையில் அதில் முக்கால்வாசி மாத்திரையிலேயே முடிகிற காரியம்.

இப்போது எல்லா இடத்திலும் டிஸ்போசபிள் சிரிஞ்ச் வந்துவிட்டது, சரி. ஆனால் இன்னமும் நடக்கிற தவறு ஒன்று இருக்கிறது. ஊசி முனையை மட்டும் மாற்றிவிட்டு சிரிஞ்சை அப்படியே வைத்துக்கொள்வது. மருந்து ஏற்றும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் சிரிஞ்சுக்குள் பின்வாங்கும். அதே சிரிஞ்சை மருந்துக் குப்பிக்குள் மறுபடி விட்டால் குப்பியே கெட்டுவிடும். எச்சில் கரண்டியை ஊறுகாய் ஜாடிக்குள் விட்ட மாதிரி. அடுத்து வருகிறவருக்குப் புது ஊசி, புது சிரிஞ்ச் போட்டாலும் பிரயோஜனம் இல்லை, குப்பியிலிருந்தே போய்விடும். இது பட்டிக்காட்டில் மட்டும் நடக்கிறது என்று நினைக்காதீர்கள். 2008-இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் மையம் ஒன்றில் மயக்க மருந்துக் குப்பி வழியாக இப்படித்தான் பரவியது. 40,000-க்கும் மேற்பட்டவர்களை இரத்தம் சோதித்துக்கொள்ளச் சொல்லிக் கடிதம் போட்டார்கள்.

எங்கள் பிரிவுக்கும் இதுதான் பாடம். ஹெபடைடிஸ் பி இருந்தால் தனி இயந்திரம் கட்டாயம். சி-க்கும் பல மையங்களில் தனியாக வைக்கிறார்கள். ஆனால் ஒருவரைத் தொட்ட கையுறையோடு பக்கத்துக் கட்டிலுக்குப் போனால் தனி இயந்திரம் இருந்தும் ஒன்றுதான். இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் மருந்தை நோயாளியின் கட்டில் பக்கத்தில் வைத்து எடுக்கக் கூடாது, அதற்கென்று தனி மேசை வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சி பரிசோதனை எடுத்தார்களா என்று கேளுங்கள். கேட்டால் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். கோபித்தால் அந்த இடத்தைக் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

வண்டிப்பாதை (நாமக்கல்)

அக்கா, நீங்கள் சொன்னதைப் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். அந்த ஸ்டீல் டப்பாவைச் சொன்னதும், "எங்க ஊர் கம்பவுண்டர் அப்படியே செய்வார்" என்றார். பெரியப்பாவுக்குச் சின்ன வயதில் இருந்தே ஆஸ்துமா இழுப்பு. வாரம் தவறாமல் ஊசி. அப்புறம் 1988 வாக்கில் லாரி விபத்தில் தொடை எலும்பு முறிந்து இரத்தமும் ஏற்றியிருக்கிறார்கள்.

ஸ்லைடுக்காரன் (மதுரை)

இரண்டுமே வழியாக இருக்கலாம். 1988-இல் உலகத்தில் யாராலும் தானம் கொடுத்த இரத்தத்தில் சி-யைத் தேடியிருக்க முடியாது, பரிசோதனையே கிடையாது. இந்தியாவில் இரத்த வங்கிகளில் அதைக் கட்டாயமாக்கியது 2000-களின் தொடக்கத்தில்தான். அதற்கு முன்னால் இரத்தம் ஏற்றியவர்கள், பெரிய ஆபரேஷன் ஆனவர்கள், பிரசவத்தில் இரத்தம் ஏற்றிய அம்மாக்கள், எல்லாரும் ஒரே ஒரு முறையாவது சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது. இந்த இழையைப் படிப்பவர்கள் வீட்டில் அப்படி யாராவது இருப்பார்கள்.

நெடுங்கணக்கு (பாண்டிச்சேரி)

ஊசி பற்றிய பேச்சு வந்ததால் எகிப்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நைல் வாய்க்கால் தண்ணீரில் நத்தை வழியாக வரும் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோயை ஒழிக்க, 1950-களில் இருந்து 80-களின் தொடக்கம் வரை அந்த நாட்டு அரசு ஊர் ஊராக ஊசி போட்டது. ஆன்டிமனி கலந்த மருந்து, நரம்பில் ஏற்ற வேண்டும், ஓர் ஆளுக்குப் பல தடவை. கண்ணாடி சிரிஞ்சுகளைச் சரியாகக் கொதிக்க வைக்காமல் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் போட்டிருக்கிறார்கள். ஒட்டுண்ணி குறைந்தது, ஹெபடைடிஸ் சி நாடு முழுவதும் பரவியது. 2008-இல் எடுத்த கணக்கில் 15 முதல் 59 வயதுக்காரர்களில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. உலகத்திலேயே அதிகம்.

நல்லெண்ணத்தோடு, அரசாங்கச் செலவில், டாக்டர்கள் கையால் பரவிய நோய் அது. அதே அரசு 2018, 2019-இல் சுமார் 5 கோடி பேருக்குப் பரிசோதனை செய்து இலவச மாத்திரையும் கொடுத்தது. 2023-இல் உலக சுகாதார நிறுவனம் எகிப்தைச் சி ஒழிப்பில் தங்கத் தரத்தை எட்டிய முதல் நாடாக அறிவித்தது. கெடுத்தவனே திருத்திய கதை என்று வைத்துக்கொள்ளலாம், இடையில் செத்தவர்கள் கணக்கை மட்டும் யாரும் திருத்த முடியாது.

வல்லைவெளி (லண்டன்)

இஞ்ச இங்கிலாந்திலயும் இதே கதை இருக்கு. இரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகளுக்கு 70, 80-களில் அமெரிக்காவில் இருந்து வாங்கின மருந்தைப் போட்டவை. ஆயிரக்கணக்கான ஆட்களின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து செய்த மருந்து, காசுக்கு இரத்தம் குடுத்த சிறைக் கைதிகளின்ர உட்பட. அந்த மருந்தாலயும் இரத்தம் ஏத்தினதாலயும் 30,000-க்கு மேற்பட்ட சனத்துக்கு எச்ஐவியோ ஹெபடைடிஸ் சி-யோ தொற்றினது. விசாரணை அறிக்கை 2024 மே மாதம்தான் வந்தது. அரசு மூடி மறைச்சதெண்டே அதில எழுதியிருக்கு.

கண்ணாடிமுன் (திருச்சி)

நான் சலூன் வைத்திருக்கிறேன். யாரும் எங்களைத் திட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். பிளேடு விஷயத்தில் இப்போது பெரும்பாலான கடைகளில் பிரச்சனை இல்லை. ஆளுக்கு ஒரு அரை பிளேடு, உங்கள் கண் முன்னால் கவரைப் பிரித்து உடைத்துப் போடுவோம். அப்படிப் போடவில்லை என்றால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுங்கள்.

கவனிக்காமல் விடுவது படிகாரக் கல்லை. சவரத்தில் கீறல் விழுந்தால் தண்ணீரில் நனைத்து அதன் மேல் தேய்ப்பார்கள், இரத்தம் நிற்கும். அதே கல் அடுத்தவர் கீறலுக்கும். பிளேடு மாறும், கல் மாறாது. என் கடையில் கல்லையே எடுத்துவிட்டேன். படிகாரத் தூளைப் பஞ்சில் தொட்டு வைத்துவிட்டுப் பஞ்சைத் தூக்கிப் போடுகிறோம். அதோடு, கழுத்துப் பிசிறு எடுக்கிற டிரிம்மரும் தோலைச் சுரண்டும், அதையும் துடைத்து ஸ்பிரிட் போடச் சொல்லுங்கள்.

செம்பருத்தி (விழுப்புரம்)

படிகாரக் கல் நான் யோசிக்கவே இல்லை. எங்கள் குலதெய்வக் கோயிலில் ஒரே நாளில் இருபது பிள்ளைகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்துகிறார்கள். அதற்கு என்ன செய்வது?

வெள்ளைச்சேலை (கோவை)

மொட்டைக்குப் புது பிளேடை நீங்களே வாங்கிக் கொண்டு போங்கள், இரண்டு ரூபாய் சமாச்சாரம். காது குத்த ஆசாரியிடம் உறை பிரிக்காத புது ஊசியோ, உங்கள் வீட்டுக் கம்பியோ கொடுத்து அதை மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள். மாமா மடியில் உட்காரவைத்துக் குத்துகிற சடங்குக்கு ஒரு குறையும் வராது. கடைகளில் ‘கன்’ வைத்துக் குத்துவது இதைவிடச் சுத்தம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. பிளாஸ்டிக் கன்னை நீராவி அழுத்தத்தில் வைத்துக் கிருமி நீக்க முடியாது, உருகிவிடும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிதான் நல்லது.

வண்டிப்பாதை தம்பி கேட்ட வீட்டு விஷயமும் பாக்கி இருக்கிறது. பெரியப்பாவுக்குத் தனியாக இருக்க வேண்டியவை: சவர செட், டூத் பிரஷ், நகவெட்டி, சர்க்கரை பார்க்கிற குளுக்கோமீட்டர் ஊசி. குளுக்கோமீட்டரைப் பல வீடுகளில் குடும்பச் சொத்து மாதிரி வைத்திருக்கிறார்கள், குத்துகிற பேனாவை யாரும் யாரோடும் பகிரக் கூடாது. காயம் பட்டால் கட்டுப் போட்டு மூடட்டும். இரத்தம் தரையில் சிந்தினால் கையுறையோ பிளாஸ்டிக் கவரோ மாட்டிக்கொண்டு துடையுங்கள். பிறகு ஒரு பங்கு பிளீச் திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். காய்ந்த இரத்தம்தானே என்று அலட்சியம் வேண்டாம். அறை வெப்பத்தில் இந்த வைரஸ் ஆறு வாரம் வரைகூடத் தாக்குப்பிடிக்கும் என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

பேரக்குழந்தையைத் தாராளமாக மடியில் கொடுங்கள். பெரியம்மா ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ளட்டும். பல வருடத் தம்பதிகளுக்குள் தாம்பத்தியத்தில் பரவுவது மிக அரிது, ஆனால் இத்தனை வருடத்தில் ஒரே பிளேடு, ஒரே நகவெட்டி என்று ஏதாவது இருந்திருக்கும். பிள்ளை பெற இருக்கிற பெண்களுக்கு சி இருந்தால் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 100-க்கு ஐந்தாறு. தாய்ப்பால் கொடுக்கலாம். காம்பு வெடித்து இரத்தம் வந்தால் மட்டும் ஆறும்வரை நிறுத்தி வைக்க வேண்டும்.

மூலிகைத்தோட்டம் (தென்காசி)

கல்லீரல் என்றால் கீழாநெல்லியை விட்டு ஏன் பேசுகிறீர்கள்? மோரில் அரைத்து ஒரு மண்டலம் கொடுத்தால் போதும். நம் மண்ணின் மருந்தை வெள்ளைக்காரனே ஒப்புக்கொண்டிருக்கிறான்.

நெடுங்கணக்கு (பாண்டிச்சேரி)

அந்த ‘ஒப்புக்கொண்ட’ கதையைப் பாதியில் நிறுத்துகிறீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தியாகராஜன் குழுவினர் கீழாநெல்லியை ஆராய்ந்து 1988-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் கட்டுரை போட்டார்கள். கூட எழுதியவர்களில் ஒருவர் ஹெபடைடிஸ் பி-யைக் கண்டுபிடித்த புளூம்பெர்க். அவர் பிறந்த நாளான ஜூலை 28-ஐத்தான் உலக ஹெபடைடிஸ் தினமாக வைத்திருக்கிறார்கள். பெருமைப்பட வேண்டிய ஆராய்ச்சி, சந்தேகமில்லை. ஆனால் அது பி-க்கு. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. சி-யைக் கீழாநெல்லி குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. குணமாக்கும் மாத்திரை அரசு மருத்துவமனையில் சும்மாவே கிடைக்கும்போது, ஒரு மண்டலத்தை வீணடிப்பது எதற்கு?

நெறியாளர்

‘காமாலைக்கு மந்திரித்து வேர் கட்டப்படும்’ என்று கைபேசி எண்ணோடு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மூன்றாவது வந்தால் கணக்கையே மூடிவிடுவேன். மூலிகைத்தோட்டம் பதிவு இருக்கட்டும், கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

மறுபிறவி (தஞ்சாவூர்)

சி வந்து குணமானவன் நான். முன்பெல்லாம் இன்டர்ஃபெரான் ஊசி, ஆறு மாதம் அல்லது ஒரு வருடம், போட்ட அன்றைக்குக் காய்ச்சல், போகப் போக மனச்சோர்வு. பாதியில் விட்டவர்கள் நிறைய. அதெல்லாம் பழங்கதை. இப்போது சோஃபோஸ்புவிர், டாக்ளாடாஸ்விர் மாத்திரைகள், தினம் ஒருவேளை, 12 வாரம். 100-க்கு 95 பேருக்கு மேல் வைரஸ் அடியோடு போய்விடுகிறது. கல்லீரல் சுருக்கம் இருந்தால் மருந்து மாறும். 2013 கடைசியில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் வந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர், முழு மருந்துக்கு 84,000 டாலர். இந்திய கம்பெனிகள் உரிமம் பெற்றுத் தயாரித்ததால் இங்கே விலை அடியோடு இறங்கியது. 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் 104-க்கு அடித்துக் கேளுங்கள்.

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன. இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுகிறவர்களுக்கு சோஃபோஸ்புவிர் ஆபத்து, துடிப்பு மிகவும் குறைந்துவிடலாம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபைன் இருந்தால் சி மருந்தின் வேகம் செத்துவிடும். ஆரம்பிக்கும் முன் ஹெபடைடிஸ் பி-யும் சோதிக்க வேண்டும், சி போகும்போது உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் பி எழுந்துகொள்வதுண்டு. முடித்து 12 வாரம் கழித்து ஆர்.என்.ஏ. எடுத்து, இல்லை என்று வந்தால்தான் குணம். ஒருமுறை குணமானால் மறுபடி வராது என்பது இல்லை. அழுக்கு ஊசி மறுபடி ஏறினால் மறுபடி வரும்.

இன்னொன்று. வளைகுடா வேலைக்குப் போகிறவர்களில் பலருக்கு மெடிக்கலில் ஆன்டிபாடி ரியாக்டிவ் என்றாலே ‘அன்ஃபிட்’ (தகுதியில்லை) என்று எழுதியிருக்கிறார்கள். குணமாகி ஆர்.என்.ஏ. இல்லை என்ற காகிதத்தைக் காட்டியும் கேட்காத கதைகள் உண்டு. ஆன்டிபாடி ஆயுசுக்கும் இருக்கும் என்று மேலே எழுதியிருக்கிறார்களே, அதன் விலை இதுதான். எச்ஐவி உள்ளவர்களை வேலையில் ஒதுக்கக் கூடாது என்று 2017-இல் சட்டம் வந்தது. சி-க்கு அப்படி ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் இதனால் துபாய் போக முடியாமல் ஆட்டோ ஓட்டுகிறவரை எனக்குத் தெரியும்.

வண்டிப்பாதை (நாமக்கல்)

ஆர்.என்.ஏ. பாசிட்டிவ். ஸ்கேனில் சுருக்கம் இல்லை என்றார்கள். மாத்திரை தொடங்கியாயிற்று, காசு எதுவும் வாங்கவில்லை. பெரியம்மாவுக்கு நெகட்டிவ். கண் ஆபரேஷனை ஏன் தள்ளி வைத்தீர்கள் என்று அங்கேயே கேட்டேன். சி இருக்கிறது என்பதற்காக ஆபரேஷனை மறுக்கத் தேவையில்லை, எல்லா நோயாளிக்கும் செய்கிற கிருமி நீக்கத்தை ஒழுங்காகச் செய்தாலே போதும் என்று கல்லீரல் டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ராத்திரிரயில் (சென்னை)

பெயர் சொல்ல விருப்பமில்லை. என் தம்பிக்கு 20 வயது. நண்பர்களோடு சேர்ந்து வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றியிருக்கிறான், ஒரே சிரிஞ்ச். போன மாதம் திருவிழாவில் டாட்டூ வேறு. நேற்று லேபில் ஆன்டிபாடி நெகட்டிவ். அவ்வளவுதானா, பயப்பட வேண்டாமா?

ஸ்லைடுக்காரன் (மதுரை)

அவ்வளவுதான் என்று விட்டுவிடாதீர்கள். ஆன்டிபாடி வெளியே தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், சிலருக்கு ஆறு மாதம். ஆர்.என்.ஏ. ஒன்றிரண்டு வாரத்திலேயே காட்டும். கடைசியாக ஊசி பகிர்ந்து மூன்று வாரம் தாண்டியிருந்தால் ஆர்.என்.ஏ. எடுங்கள், ஆறாவது மாதத்தில் ஆன்டிபாடியை மறுபடி பாருங்கள். கூடவே எச்ஐவி, ஹெபடைடிஸ் பி. அரசு மருத்துவமனை ஐ.சி.டி.சி. மையத்தில் (எச்ஐவி ஆலோசனையும் பரிசோதனையும் செய்யும் இடம்) எச்ஐவி பரிசோதனை இலவசம், விவரத்தை வெளியே விடமாட்டார்கள். பி இல்லை என்றால் அன்றைக்கே தடுப்பூசி தொடங்கிவிடுங்கள்.

வெள்ளைச்சேலை (கோவை)

டாட்டூவில் ஊசி புதிதாக இருந்தாலும் மை ஊற்றுகிற சின்னக் கிண்ணம் பழையதாக இருக்கும், அதனால் அதையும் கணக்கில் சேருங்கள். சிரிஞ்சுக்குள் இருக்கும் வைரஸ் இரண்டு மாதம் வரைகூடச் சாகாது, தண்ணீரில் அலசினாலும் போகாது. அவனைத் திட்டி வெளியே அனுப்பிவிடாதீர்கள். அந்த நண்பர்களுக்கும் பரிசோதனை வேண்டும், அவன் சொன்னால்தான் அவர்கள் வருவார்கள். பழக்கத்தை விட அரசு மருத்துவமனைகளில் போதை மறுவாழ்வுப் பிரிவு இருக்கிறது. அடுத்த வாரம் கூட்டிப் போகலாம் என்று ஒத்திப்போடாமல், இரத்தம் எடுக்கப் போகிற அன்றைக்கே அங்கேயும் ஒரு சீட்டுப் போட்டுவிடுங்கள்.